அத்தானின் காந்தத் தேர்

சாப்பாட்டு மேசைமேல் இரண்டு மரச்சேவல்கள் நின்றன. ஒன்றுக்குச் சிவப்புக் கொண்டை, மற்றதற்கு மஞ்சள். இரண்டுக்கும் அடியில் சின்னஞ்சிறு சக்கரங்கள். அத்தான் சிவப்புக் கொண்டைக்காரனை ஒற்றை விரலால் மெல்ல முன்னால் தள்ளினார். மஞ்சள் கொண்டைக்காரன் முதலில் கண்டுகொள்ளவே இல்லை. இடைவெளி விரற்கடை அளவுக்குக் குறைந்ததும் அவனுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, உடம்பு ஒரு குலுக்குக் குலுங்க, மேசை விளிம்பு வரைக்கும் பின்னாலேயே ஓடினான். யாரும் அவனைத் தொடவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அக்காளின் சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. நானோ பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை வலித்தவள். இருந்தும் அந்த மரச்சேவல் புறமுதுகு காட்டாமல் ஓடிய அழகைப் பார்த்து, எச்சில் கையோடு எழுந்து நின்று, "இன்னொரு தடவை அத்தான், இன்னொரு தடவை!" என்று கத்தினேன்.

அத்தான் என்றால் என் அக்காளின் கணவர். அப்போது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் சீவலப்பேரியில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போய்வர, திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருந்த அக்காள் வீடுதான் வசதி. அத்தான் அதுவரைக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், கோயில் கொடை, காதுகுத்து என்று எதுவானாலும் அவர் பெட்டிகள் போய் அலறிவிட்டு வரும். ஒரு நாள் அந்தத் தொழிலைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, கிழிந்த ஸ்பீக்கர்களை மட்டும் ஒரு தள்ளுவண்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தார். எதற்கு இந்தக் குப்பை என்று அக்காள் கேட்டாள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் வடை போல நடுவில் ஓட்டையுள்ள கறுப்புக் காந்தம் ஒன்று இருந்தது. அத்தானுக்குத் தொழிலில் பிடித்திருந்தது அந்த வடை மட்டும்தான் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரும்பு என்று எதையும் வைத்த இடத்தில் காண முடியாது. அக்காளின் ஊக்குகள், என் கொண்டை ஊசிகள், அரிவாள்மணை, பாக்குவெட்டி எல்லாம் அத்தானின் மேசைக்குப் போய் ஏதாவது ஒரு வடையில் ஒட்டிக்கொண்டு தொங்கும். மழைக்காலத்தில் குடைகூட ஒரு நாள் அங்கேதான் கிடைத்தது. அக்காள் திட்டுவாள், ஆனால் அவளும் சும்மா இருக்கவில்லை. பாத்திரக்கடைக்குப் போகும்போது மஞ்சள் சேவலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், கடைக்காரர் நீட்டிய எவர்சில்வர் போணியில் அதை வைத்துப் பார்த்திருக்கிறாள். நல்ல எவர்சில்வர் என்றால் காந்தம் ஒட்டாது; சேவலோ ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் போணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறு கொண்டுவந்தாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சேவலைச் செய்தவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை.

எனக்கும் அத்தானுக்கும் அந்த நாட்களில் ஒரே ரகளைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏ டீச்சரு, இங்கன வா, சீக்கிரம் வா," என்று கூப்பிடுவார். டீச்சர் என்பது மரியாதைக்குக் கூப்பிடுவது இல்லை, கேலிக்கு. நான் துருவம், விசைக்கோடு என்று ஏதாவது ஆரம்பித்தால், "புஸ்தகத்த மூடு, முதல்ல இது ஏன் குப்புற விழுதுன்னு சொல்லு," என்பார். நான் காகிதத்தில் கணக்குப் போடுவேன். அவர் அதற்குள் அரத்தால் தேய்த்து வேறொன்று செய்துவிடுவார். சில சமயம் என் கணக்கு ஜெயிக்கும், சில சமயம் அவர் அரம். யார் ஜெயித்தாலும் இருவரும் சேர்ந்துதான் குதிப்போம். படிப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று எனக்கு எந்தக் கல்லூரியிலும் யாரும் சொல்லித்தரவில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. சொல்லித்தந்திருப்பார்கள், நான்தான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

பொம்மைகள் வந்தன, தோற்றன. ஒரு தடவை கொற்கைக்குப் போய்வந்த சூட்டில் முத்துக்குளிக்கும் பொம்மை ஒன்று செய்தார். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், மேலே படகு, படகுக்கு அடியில் காந்தம், ஆழத்தில் மண்டியிட்ட ஒரு தகர மனிதன். படகை அவன் தலைக்கு மேலே கொண்டுவந்தால் அவன் எழும்பி வர வேண்டும். படகு வந்தது, போனது, சுற்றிச் சுற்றி வந்தது. முங்கினவன் எழும்பவே இல்லை. அக்காள் எட்டிப் பார்த்து, "பாவம், மூச்சு முட்டப் போவுது, கையவிட்டுத் தூக்கி விடுங்க," என்றாள். பலம் போதவில்லை என்று அத்தான் புது மாதிரிக் காந்தம் வாங்கிவந்தார். வெள்ளி போலப் பளபளக்கும், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, ஆனால் பிடித்தால் விடாது. அன்றைக்குத்தான் எனக்கும் அவருக்கும் நிஜமான சண்டை வந்தது. அப்படிப்பட்ட இரண்டைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும், நடுவில் அகப்பட்ட சதை கிழிந்துபோகும் என்று நான் சொன்னேன். அக்காளின் மகள் பாப்பா அப்போது கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயதில் இருந்தாள். அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பளபளப்பை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம். காந்தம் என்றால் வாய்க்குள் போகாத அளவு வடைதான். அதையும் இரண்டு மரத்துக்கு நடுவில் பசைபோட்டு மூடி, சுற்றிலும் திருகாணி முடுக்கி, யார் நினைத்தாலும் வெளியே எடுக்க முடியாதபடி செய்துவிட வேண்டும்.

வீட்டுக்கு அரிசி பருப்பு வந்தது அக்காளின் வேலையில். அவள் கூட்டுறவுப் பண்டகசாலையில் இருந்தாள். அத்தானின் அண்ணன் துபாயில் ஒரு பெரிய சரக்குக் கிட்டங்கியில் மேலாளர்; தம்பிக்கு அங்கே ஓர் இடம் பேசி வைத்துவிட்டு வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார். போனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர். அத்தான் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அக்காள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஆனித் தேருக்குள்ள உங்க பொம்மையில ஒண்ணாவது ஒரு கடையில ஏறட்டும். ஏறிட்டா நான் வாயே தொறக்க மாட்டேன். ஏறலன்னா, பெரியத்தான் அடுத்து போன் பண்ணும்போது சரின்னு சொல்லிருங்க." அத்தான் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பாப்பா மட்டும் துபாய்க்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று விசாரித்தாள்.

ஆனி மாதம் எங்கள் ஊர்க் கோயில் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வரும். அந்த ஆனித் தேருக்கு முன்னால் விற்க வேண்டும் என்றால் தேரையே செய்தால் என்ன என்று அத்தான் நினைத்தது இயற்கைதான். ஒரு சாண் உயரத்துக்கு மரத்தேர். சீலைத் துண்டுகளால் குடை, சுற்றிலும் தொங்கும் தொம்பை. ஒட்டுப்பலகை ஒன்றில் நான்கு ரத வீதிகளையும் வரைந்து, பலகைக்கு அடியில் காந்தத்தைக் கையில் பிடித்து நகர்த்தினால் மேலே தேர் தானே ஊர்ந்து வரும். முதல் தடவை அது கீழ ரத வீதியில் கிளம்பித் தெற்கு ரத வீதிக்குத் திரும்பியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று மாலையே விளையாட்டுச் சாமான் கடை அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத வீதியில் பெரிய கடை அவருடையது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தேர் ஒரு சுற்று வருவதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீரு வே. ஆனா பிள்ள ரெண்டு சுத்து சுத்தும், பொறவு பீரோவுக்கு அடியில கெடக்கும். பேட்டரி கார் விக்குத காலத்துல இத யாரு கேக்கா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அவர் எங்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் அத்தான் தேரை மேசைமேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அக்காள் தேரை ஒரு வீதி இழுத்துப் பார்த்தாள். "அந்த அண்ணாச்சி சொன்னதுல என்ன தப்பு? தேரு இப்பிடியா போவும்? டவுன் பஸ்ஸுகூட நிறுத்தத்துல நிக்கும், இது எங்கனயும் நிக்கவே மாட்டேங்கு."

"ஓடுறது குத்தமாட்டீ?" என்று அத்தான் சீறினார்.

"தேருன்னா நிக்கணும். திருப்பத்துல போயி அடம்பிடிச்சு நிக்கணும். அங்கன நூறு பேரு வடத்தப் பிடிச்சுக் கத்தணும், இங்கன பின்னால தடி போடணும். அப்ப ஒரு குலுக்கு குலுங்கி நவரும் பாருங்க, அதுக்குத்தான வேலயப் போட்டுட்டு ஓடுதோம். சும்மா வழுக்கிட்டுப் போனா யாரு பாக்க வருவா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடத்தை ஊரே சேர்ந்து இழுத்தாலும் அவ்வளவு பெரிய தேர் சில இடங்களில் அசைந்துகொடுக்காது. அப்போது பின்சக்கரங்களுக்கு அடியில் கனத்த மரத்தடிகளைக் கொடுத்து, அவற்றின்மேல் ஆட்கள் ஏறி நெம்பித் தேரை முன்னால் உந்துவார்கள். முன்னால் இழுப்பவர்களுக்குக் கிடைக்கும் கூட்டமும் கவனமும் பின்னால் தடி போடுகிறவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் அவர்கள் இல்லாமல் தேர் நிலைக்கு வந்து சேராது. அக்காள் சொல்லி முடித்ததும் அத்தான் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் இழுப்பது, பின்னால் தள்ளுவது. ஈர்ப்பு, விலக்கு. காந்தத்துக்குத் தெரிந்த இரண்டே வேலைகள். "டீச்சரு!" என்றார். "அத்தான்!" என்றேன். அக்காளுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏன் மேசையைச் சுற்றி ஓடுகிறோம் என்று புரியவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் மாற்றினோம். பலகைக்கு அடியில் கையை விட்டு நகர்த்துவதெல்லாம் கிடையாது. தேரின் முன்னால் ஒரு காந்தம். வடம் என்பது முனையில் காந்தம் வைத்த ஒரு மரப்பிடி; அதைத் தேருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போனால் தேர் தொடாமலேயே பின்தொடரும். ரொம்பக் கிட்டே போனால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும் என்பது முதல் தொல்லை. அத்தான் தேருக்கு இரண்டு மரக்குதிரைகள் செதுக்கி முன்னால் நீட்டி வைத்தார். குதிரையின் மூக்கைத் தாண்டி வடம் கிட்டே வர முடியாது. தொல்லை தீர்ந்தது, தேருக்கும் அழகு. பின்பக்கம் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்றாக இரண்டு காந்தம். தடியின் முனையில் அதே துருவம். இடது பின்பக்கத்துக்குத் தடியைக் கொண்டுபோனால் தேர் விலகி முன்னேறுவதோடு வலப்பக்கம் முகத்தையும் திருப்பும். பின்னால் ஒரே காந்தம் வைத்திருந்தால் தேர் பம்பரமாய்ச் சுழன்று தடியிடமே வந்து ஒட்டியிருக்கும். அது என் காகிதக் கணக்கு, அந்த ஒரு தடவை அரம் தோற்றது.

அப்புறம் திருப்பங்கள். தேரின் அடியில் ஓர் இரும்புத் தகடு பொருத்தினோம். பலகைக்கு அடியில், ஒவ்வொரு திருப்பத்துக்கும் சற்று முன்னால், ஒரு காந்தம். தேர் அந்த இடத்துக்கு வந்ததும் கீழே இருப்பவன் காலைப் பிடித்துக்கொள்வான். வடம் மட்டும் இழுத்தால் வரக் கூடாது. தடி மட்டும் தள்ளினாலும் நகரக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் விட வேண்டும். சொல்வது சுலபம். பிடி கொஞ்சம் கூடினால் தேர் செத்தாலும் நகராது. கொஞ்சம் குறைந்தால் நிற்காமல் போய்விடும். காந்தத்தைக் கொஞ்சம் கீழே இறக்க நடுவில் எதையாவது கொடுக்க வேண்டியிருந்தது. அக்காள் பீரோவில் சேர்த்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துக் கொடுத்தோம். கெட்டி அட்டை, ஒரே கனம். யார் யார் வீட்டுக் கல்யாணமோ எங்கள் தேருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. "என் மாமா மக பத்திரிகையில்லா அது!" என்று அக்காள் பிடுங்க வந்தபோது அத்தான், "அவ கல்யாணம்தான் தெற்கு ரத வீதியில கரெக்டா நிக்கி, கையை வைக்காத," என்றார்.

அண்ணாச்சி மறுபடி ஒரு தடவை பார்க்க ஒத்துக்கொண்டிருந்தார், தேருக்கு முந்தின நாள் காலையில். அதற்கு முந்தின நாள் மாலை பலகையை இறுதியாக மூடினோம். எங்கள் சட்டப்படி காந்தங்கள் ஆடாமல் இருக்க அந்தப் பக்கமும் அதே அளவு பத்திரிகை அட்டை கொடுத்து, அதன்மேல் அதே கனத்தில் இன்னொரு ஒட்டுப்பலகை வைத்துப் பசைபோட்டு, சுற்றிலும் திருகாணி. யானை வந்தாலும் பிரிக்க முடியாது. பசை காய்ந்ததும் ஓட்டிப் பார்த்தோம். அக்காள் வடம், நான் தடி. தேர் கீழ ரத வீதியில் கிளம்பியது, திருப்பத்தில் நிற்காமல் விர்ரென்று திரும்பியது, தெற்கு ரத வீதி தொடங்கும் இடத்தில் போய்ச் சம்பந்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. அடுத்த திருப்பத்திலும் அதே கதை. அத்தான் யோசித்து, வடத்தை வாங்கி, எதிர்த்திசையில் இழுத்தார். ஆகா! ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் தேர் கச்சிதமாக நின்றது. தடி போட்டதும் குலுங்கியது, திரும்பியது. "பாத்தியா, பாத்தியா!" என்று அத்தான் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார். நானும் கைதட்டினேன்.

அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அய்யய்யோ, தேர இடஞ்சுத்தால்லா இழுக்கீய!"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சாமி வீதியில் வலமாகத்தான் வருவார். கீழ ரத வீதி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வருவதை ஊரில் பிறந்த குழந்தைகூடத் தூக்கத்தில் சொல்லும். நான் பலகையின் மேல்புறத்தைப் பார்த்துப் படம் வரைந்திருந்தேன். மூடுவதற்காக, சோதனைக்கு ஒட்டியிருந்த காந்தங்களை எடுத்துவிட்டு, அத்தான் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அதே படத்தைப் பார்த்து அடிப்புறத்தில் மறுபடி பதித்திருந்தார். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் போய்விட்டது. வேறு எந்த ஊரில் விற்றாலும் இது ஒரு குறையே இல்லை, பொம்மை அற்புதமாக ஓடுகிறது. "பொம்மதானட்டீ, உள்ள சாமியா இருக்காரு?" என்று அத்தான் கேட்டார். "பொம்மதான். ஆனா வாங்கப் போறது நம்ம ஆளுகல்லா? வாசல்லயே வச்சு எடுத்துட்டுப் போன்னுருவாங்க," என்றாள் அக்காள். அவள் சொன்னது சரி என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

திருகாணியைக் கழற்றினாலும் பசை விடாது. உளியால் நெம்பினால் காந்தம் பிஸ்கட் போல உடையும். புதுப் பலகைக்கு நேரமும் இல்லை, மிச்சக் காந்தமும் இல்லை. பிள்ளைகள் பிரிக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று நான் போட்ட சட்டம் இப்போது எங்களையே பிரிக்க விடவில்லை. அத்தான் உளியைத் தூர வைத்தார். பிறகு, "எங்க அண்ணன் சொன்னதுதான் சரி. சவத்தத் தூக்கி மூலையில போடு," என்று பலகையைத் தூக்கிக் குப்புறப் போட்டார். அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். துபாய் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது எனக்கு.

நான் அந்தக் குப்புறக் கிடந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீதி இல்லை, வர்ணம் இல்லை, வெறும் மரம். திருகாணித் தலைகள் மட்டும் தெரிந்தன. அடிப்பக்கம் இருந்து பார்த்தால் காந்தங்கள் எங்கே இருக்கின்றன? என் படத்தில் இருந்தபடியே. வலப்பக்கம் வலப்பக்கமாக. துருவம் தலைகீழாகிவிடுமே என்று ஒரு கணம் பயந்தேன்; ஆனால் தேரின் அடியில் இருப்பது காந்தம் இல்லையே, வெறும் இரும்புத் தகடுதானே, அதற்கு வடக்கும் ஒன்றுதான் தெற்கும் ஒன்றுதான். "அத்தான், கவுத்தது கவுத்தபடியே இருக்கட்டும்! தேரை எடுத்து இது மேல வைங்க!" என்று கத்தினேன். அவர் வைத்தார். நான் வடத்தைப் பிடித்தேன். தேர் வலமாகப் போய், திருப்பத்துக்கு முன்னால் அடம்பிடித்து நின்றது. அத்தான் தடியை எடுத்தார். குலுங்கித் திரும்பியது. மறுபடி நின்றது. மறுபடி திரும்பியது. அக்காள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, கையில் இருந்த தேங்காய்த் துருவலோடு எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். உட்கார்ந்து வீதிகளைப் புதுப்பக்கத்தில் வரைந்தோம். மேல ரத வீதியை அக்காள்தான் வரைந்தாள், கொஞ்சம் கோணல்.

மறுநாள் டவுன் முழுக்க வெளியூர் ஆட்கள். அண்ணாச்சியின் கடையில் நிற்க இடமில்லை. கண்ணாடி மேசையில் பலகையை வைத்ததும் அவர், "பழைய தேருதான வே?" என்றார். அத்தான் வடத்தைப் பிடித்துத் தேரை நடத்தினார். திருப்பத்தில் தேர் நின்றது. அண்ணாச்சி முகத்தில் ஒரு திருப்தி. "பாத்தீரா, நின்னுபோச்சுல்லா. இதத்தான் சொன்னேன்." அத்தான் தடியை அவர் கையில் கொடுத்தார். அண்ணாச்சி தடியைக் கொண்டுபோய் இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். தேர் அசையவில்லை. வடத்தை அத்தான் வேண்டுமென்றே கீழே வைத்துவிட்டிருந்தார். சாமான் வாங்க வந்த ஒரு விவசாயி, முண்டாசைச் சரிசெய்துகொண்டு, "வடத்த யாரும் பிடிக்காம தடி போட்டா எப்பிடி நவரும்? இங்கன தாரும் வே," என்று வடத்தைப் பறித்துக்கொண்டார். "இடது பக்கம் போடும் அண்ணாச்சி, இடது பக்கம்! பைய, பைய... போடும்!" தேர் ஒரு குலுக்குக் குலுங்கியது. கடைக்குள் ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், வெளியே நிஜத் தேர்தான் கிளம்பிவிட்டதோ என்று தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். நான்கு வீதியும் முடியும் வரை அண்ணாச்சி தடியைக் கீழே வைக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது இங்கனயே இருக்கட்டும். எத்தன செஞ்சாலும் கொண்டாரும்," என்றார்.

இப்போது அத்தானுக்குப் பேட்டையில் ஒரு பட்டறை இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தேருக்குச் சீலை கட்டிக்கொடுக்கிறார்கள். கூடங்களில் பிள்ளைகள் கைபேசியைக் கீழே போட்டுவிட்டு வடத்துக்கும் தடிக்கும் சண்டை போடுகிறார்கள் என்று வாங்கினவர்கள் சொல்கிறார்கள். நான் என் வகுப்பில் காந்தவியல் பாடத்தை அந்தத் தேரை வைத்துத்தான் தொடங்குகிறேன். ஒத்த துருவங்கள் விலக்கும் என்று கரும்பலகையில் எழுதுவது அப்புறம்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் நின்றபோது இவற்றில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு பொம்மை ஒரே ஒரு கடையில் ஏறியிருந்தது. அவ்வளவுதான். அத்தான் அடுத்த கூட்டத்துக்குத் தேரை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் அது நின்றிருந்தது. தடி அவர் கையில். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் அண்ணன்.

அத்தான் தயங்கினார். அக்காள் கூட்டத்துக்குள் கையை நீட்டிப் போனை வாங்கி, காதில் வைத்து, மறுகாதைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியத்தான், நான்தான் பேசுதேன். நல்லா இருக்கீயளா? ஆமா, டிக்கெட்டு போட வேண்டாம். அவுக வரல. இல்ல பெரியத்தான், கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. இங்கன தேரு திருப்பத்துல நிக்கி. அவுக தடி போடலன்னா நவராது."

மறுமுனையில் அவர் என்ன கேட்டாரோ தெரியாது. அக்காள் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஆமா பெரியத்தான். பொம்மத் தேருதான்."